பானையில் கொட்டிய குளிசைகள்

கொழும்பு – 12
09.02.1981

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நல்ல சுகம். உம்மாவும் மச்சானும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்பதுதான் என் துஆ. உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழைக்குக் கூடியிருக்குமே.

அச்சிமுகம்மது நானாவின் லொறியில் ஒரு பெட்டி வரும். உடையும் சாமான், பார்த்து இறக்கச் சொல்லுங்கள். எங்கள் சுகவாரிக் கம்பனி முழங்கால் தேய்வுக்கு ஒரு மூலிகைக் குளிசை செய்திருக்கிறது. பெயர் மூட்டமிர்தம். நொச்சி, முடக்கொத்தான், சுக்கு, இன்னும் சில சரக்குகள் சேர்ந்தது. கடைகளுக்கு விடுவதற்கு முன் ஆட்களுக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மனேஜர் சொன்னார். "சேர், எங்கள் ஊரில் முழங்கால் நோகாத பெண்ணைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்" என்றேன். சிரித்துவிட்டு அந்த வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார்.

நமது ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்குள்ளேயே, பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் உம்மாதான். ஓராளுக்கு ஒரு போத்தல். போத்தலில் இலக்கம் இருக்கிறது, ஒருவருடையதை மற்றவர் தொடக் கூடாது. காலையும் மாலையும் ஒவ்வொரு குளிசை. இது முடியும்வரை ஆஸ்பத்திரிக் குளிசை, நாட்டு வைத்தியப் பரிசாரியின் எண்ணெய், ஒத்தடம் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமைகளில் எல்லாரிடமும் கேட்டு, நோவு கூடியதா குறைந்ததா என்று தாளில் நிரப்பி அனுப்புங்கள்.

இது சரிவந்தால் கம்பனி கல்முனையில் ஒரு கிளை திறக்கும். அதற்குப் பொறுப்பாக என்னைத்தான் போடுவார்கள். உம்மாவிடம் சொல்லுங்கள், நான் ஊரோடு வந்துவிடுவேன்.

உங்கள் துஆவை நாடும்
தம்பி றஊப்


கல்முனைக்குடி
24.02.1981

தம்பி றஊபுக்கு ராத்தா எழுதுவது,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ சுகமாக இருப்பதற்கு அல்ஹம்துலில்லாஹ். இங்கே மச்சான் கடலுக்குப் போய் வருகிறார், நான் சந்தைக் கடையில் சாரன் விற்கிறேன், உம்மாவின் முழங்கால் உம்மாவோடு இருக்கிறது.

பெட்டி உடையாமல் வந்தது. சூறாவளி அடித்த வருசம் வந்து கூரை பறந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவன் நீ. கூரை போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆளைக் காணவில்லை, ஆளுக்குப் பதிலாகப் போத்தல் வருகிறது.

உன் கடிதம் வந்தால் நம் வீட்டு விறாந்தை நிறைந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். உம்மாவுக்கு வாசிப்பதை ஒழுங்கையே வந்திருந்து கேட்கும். இம்முறையும் அப்படித்தான். "நான் ஊரோடு வந்துவிடுவேன்" என்ற இடத்தை உம்மா திரும்பவும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார். பக்கத்து வீட்டு ஸம்ஸியா மச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னகா மாமி, காதும் தேஞ்சி போச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

போத்தல்களுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கீரை விற்க வருகிற செல்லத்தங்கம் கூடையை இறக்காமலே, "எனக்கும் ஒண்டு வையுங்க உம்மா, நான் நடக்கிற நடைக்கு என்ட முழங்கால்தான் முதல்ல தேஞ்சிரிக்கும்" என்று கடைசிப் போத்தலை வாங்கிப் போனாள். உம்மா தன் ஆஸ்பத்திரிக் குளிசைகளை உறையோடு அடுப்புக்குள் போட்டார். பரிசாரியின் எண்ணெயை வேலிக்கப்பால் ஊற்றினார். "மகன் மருந்து செஞ்சி அனுப்பியிரிக்கான், இனி எனக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" என்றார். நீ செய்யவில்லை, கம்பனி செய்தது என்று சொன்னேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

முதல் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாரும் "கொஞ்சம் சுகம்" என்கிறார்கள். உம்மா "நல்ல சுகம்" என்கிறார். குளிசை குடிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான், அதற்குள் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னதை எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். 

ராத்தா
ஹாஜறா


கொழும்பு – 12
10.03.1981

அன்பின் ராத்தா,

சலாம். தடிமனும் தும்மலுமாகப் படுத்து எழும்பியிருக்கிறேன், வேறு குறையில்லை. நீங்கள் எல்லாரும் நலமென்று அறிந்து சந்தோசம். உம்மாவின் முழங்காலுக்குச் சுகம் என்று வாசித்ததும் தடிமன் பாதி போய்விட்டது.

தாள்களைப் பார்த்து மனேஜரே அசந்துபோனார். "உன் தாயாரின் தாளைத் தனியாக வை" என்றார்.

இந்தச் சோதனையில் ஒரு நுட்பம் இருக்கிறது, நீங்கள் படித்தவர் என்பதால் சொல்கிறேன். பன்னிரண்டு போத்தலிலும் இருப்பது ஒரே சாமான் இல்லை. ஆறில் மருந்து. மற்ற ஆறில் மரவள்ளி மாவை அதே நிறத்தில், அதே கசப்போடு குளிசையாக்கி வைத்திருக்கிறோம். எது யாரிடம் போனது என்று எனக்கே தெரியாது, அந்த விவரம் மனேஜரின் அலுமாரிக்குள் இருக்கிறது. மருந்து குடித்தவருக்குக் குறைந்து, மா குடித்தவருக்குக் குறையாவிட்டால்தான் மருந்து வேலை செய்தது என்று அடித்துச் சொல்லலாம். வெளிநாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

இதை மட்டும் பெண்களிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எல்லாம் பாழ்.

மச்சானுக்கு என் சலாம்.

றஊப்


கல்முனைக்குடி
21.03.1981

றஊப்,

சலாம். நீ சுகமாகத்தான் இருப்பாய். நாங்கள் எப்படியிருக்கிறோம் என்பதைக் கடைசிவரை வாசித்துத் தெரிந்துகொள்.

சொல்லிவிடாதீர்கள் என்று கடிதத்தின் அடியில் எழுதுகிற புத்திசாலியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உன் கடிதத்தை நான் அறைக்குள் பூட்டிவைத்தா வாசிக்கிறேன்? விறாந்தை நிறையச் சனம். ஸம்ஸியா, செல்லத்தங்கம், உன் போத்தல்காரிகள் எல்லாரும் இருந்தார்கள். நான் உரத்த குரலில் "மற்ற ஆறில் மரவள்ளி மாவை" என்று வாசித்து முடித்த பிறகுதான் என் வாய் என்ன வாசித்தது என்று என் மூளைக்குத் தெரிந்தது. 

செல்லத்தங்கம் எழும்பி, "அப்ப நான் இவ்வளவு நாளும் மாவையா கும்பிட்டுக் குடிச்ச?" என்று கேட்டாள். கூப்பிட்டு வைத்து, நம்பவைத்து, பாதிப் பேருக்கு மரவள்ளி மா. மருந்து இல்லாவிட்டால் இல்லையென்று சொல்லலாம். மாவைக் கொடுத்து, இருக்கிற மருந்தையும் நிறுத்தச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? அந்த மா உம்மாவின் போத்தலில் இருந்தால்? ஒரு தடவையாவது யோசித்தாயா?

பிறகு நடந்ததைக் கேள். உம்மா எல்லாரையும் போத்தலோடு வரச் சொன்னார். அரிசிப் பானையைக் கழுவித் துடைத்து நடுவில் வைத்தார். பிஸ்மி சொல்லி, பன்னிரண்டு போத்தலையும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் கொட்டினார். அகப்பையால் கிண்டினார். நான் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டார்.

"என்ட ஊட்டுக்குக் கூப்பிட்டு ஒருத்திக்கு மருந்தும் ஒருத்திக்கு மாவும் குடுக்கிறயா? கந்தூரிக்கு வந்தவங்கள்ல ஒருத்திக்குச் சோறும் ஒருத்திக்கு உமியுமா வைக்கிற? எல்லாருக்கும் பாதி பாதி சேரட்டும். அவன் சின்னப் புள்ள, அவனுக்குப் பந்தி வைக்கத் தெரியா."

கைப்பிடி கைப்பிடியாக அள்ளி எல்லார் போத்தலிலும் சமனாகப் போட்டுக் கொடுத்தார். எல்லாரும் வாங்கிக்கொண்டு போனார்கள். செல்லத்தங்கமும்தான்.

உன் சோதனை பானைக்குள் போய்விட்டது. மனேஜரிடம் சொல்லி முடித்துக்கொள்.

ஹாஜறா


கொழும்பு – 12
03.04.1981

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு கடிதத்தை முதலில் மனதுக்குள் வாசித்துவிட்டுப் பிறகு உரத்து வாசிக்கத் தெரியாதா? நான் இந்தக் கம்பனியில் போத்தல் கழுவுவதில் தொடங்கியவன். இந்த ஒரு வேலைக்காக எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இலக்கம் மாறக் கூடாது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேனே. ஒரு பானை, ஒரு அகப்பை, எல்லாம் முடிந்தது. பந்தி வைக்கத் தெரியாதவன் நானா?

நடந்தது நடந்துவிட்டது. நீங்கள் வழக்கம்போல வெள்ளிக்கிழமைகளில் கேட்டு, அந்தந்த இலக்கத்துக்கு நேரே நிரப்பி அனுப்புங்கள். பானையைப் பற்றி இனி எந்தக் கடிதத்திலும் எழுத வேண்டாம். ஊரிலும் கதைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிசை நல்ல குளிசை. அது என் பொறுப்பு.

மச்சானின் உடம்பு எப்படி?

றஊப்


கல்முனைக்குடி
29.04.1981

றஊபுக்கு,

சலாம். மச்சான் சுகம். நானும் சுகம், கோபத்தைத் தவிர.

பொய் எழுதச் சொல்கிறாய். எந்தக் குளிசை யாருடைய வயிற்றுக்குள் போனது என்று அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் தெரியாது, நான் இலக்கத்துக்கு நேரே நிரப்ப வேண்டுமாம். நிரப்பினேன். எல்லாரும் "குறைந்தது" என்கிறார்கள், ஆளுக்கு ஆள் வித்தியாசமில்லை. ஏன் தெரியுமா? கேட்பது உம்மாவின் வீட்டில். கேட்கும்போது உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியின் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். 

ஸம்ஸியாவைச் சந்தையில் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "எனக்கென்ன சுகம்? முந்தி ஒரு காலு நொந்த, இப்ப ரெண்டும் நோகுது. அதுக்காக பெத்த தாய்க்கிட்டப் போய், ஒங்கட மகன்ட மருந்து சரியில்ல எண்டு சொல்லுறயா? எந்த வாயாலகா சொல்லுற?" என்றாள். செல்லத்தங்கமும் அதையேதான் சொன்னாள், அவளுடைய பாசையில். அவள் திரும்ப ஒத்தடம் போடத் தொடங்கிவிட்டாள்.

ஆகவே அந்தத் தாள்களைக் கிழித்துப் போடு. அதில் இருப்பது முழங்காலைப் பற்றிய செய்தி இல்லை. உம்மாவின் முகத்துக்காகச் சொன்ன வார்த்தைகள்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உம்மாவுக்கு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. கதிரையில் இருந்து தொழுதவர் இப்போது நின்று தக்பீர் கட்டுகிறார். நான் கடையிலிருந்து வரும்போது பாயில் நிற்கிறார், என் கண்ணால் பார்க்கிறேன். மருந்தோ மாவோ, உம்மாவுக்கு நல்லதென்றால் அதற்காக உனக்கு ஒரு நன்றி. மற்றப் பதினொரு பேருக்கும் சேர்த்து உனக்குத் திட்டு.

ஹாஜறா


கொழும்பு – 12
25.06.1981

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்க வேண்டாம். வேலை தலைக்கு மேலே. நோன்பு வருகிறது, எல்லாரும் சுகத்தோடு பிடிக்க நாயன் அருள்புரியட்டும்.

பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டொன்று வைத்திருக்கிறேன். உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், இம்முறை விறாந்தையில் வைத்தே வாசிக்கலாம். "மூட்டமிர்தம். கிழக்கிலங்கையில் சோதிக்கப்பட்டது. கல்முனைக்குடித் தாய்மார் பன்னிருவரும் எழுந்து நடக்கின்றனர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெட்டி பெட்டியாக ஓடர் வந்துகொண்டிருக்கிறது.

ஒரேயொரு காரியம். மனேஜர் உம்மாவிடமிருந்து ஒரு தாள் கேட்கிறார். "இக்குளிசையால் என் முழங்கால் நோய் முற்றாகக் குணமடைந்தது" என்று எழுதி உம்மாவின் கைநாட்டு வைத்தால் போதும். அது கையில் கிடைத்ததும் கிளைக்கு அனுமதி. நோன்பு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

தம்பி
றஊப்


கல்முனைக்குடி
17.07.1981
நோன்பு, வெள்ளிக்கிழமை

றஊப்,

உனக்குச் சலாம் சொல்ல வேண்டியது கடமை, சொல்லிவிட்டேன்.

கிழிக்கச் சொன்ன தாளைப் பத்திரிகையில் போட்டிருக்கிறாய். அதற்கே உனக்கு நான் நாலு பக்கம் எழுதக் காத்திருந்தேன். இப்போது அதற்கு நேரமில்லை.

நேற்றுக் கடைக் காசுப்பெட்டியின் திறப்பை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன். எடுக்கலாம் என்று அஸர் தொழுகைக்கு முன்னரே வீட்டுக்கு வந்தேன். வேலிப் படலை திறந்து கிடந்தது, சத்தமில்லாமல் வந்துவிட்டேன். கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில் உம்மா நிலத்தில் இருந்தார். இரண்டு உள்ளங்கையையும் மண்ணில் ஊன்றி, இருந்தபடியே உடம்பை இழுத்து இழுத்துக் குசினி அடுப்புப் பக்கம் வந்துகொண்டிருந்தார். மடியில் கஞ்சிக்குக் கழுவிய அரிசிச் சட்டி.

என்னைக் கண்டதும் சிரித்தார். "ஊசியொண்டு விழுந்திட்டு புள்ள, தேடுறன்" என்றார்.

நானும் குனிந்து அந்த ஊசியைக் கொஞ்ச நேரம் தேடினேன், றஊப். அவ்வளவு மடைச்சி நான்.

தூக்கி உட்கார வைத்துச் சேலையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு முழங்காலும் தேங்காய் மாதிரி வீங்கிப் பளபளவென்று இருக்கின்றன. தொட விடவில்லை. உள்ளங்கை முழுதும் உரஞ்சல். பல நாளாக இப்படித்தான் நடமாட்டம். நான் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் நிலத்தில் இருந்தபடி இழுபடுகிறார். படலைச் சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்து எழும்பி, பாயில் நின்று தக்பீர் கட்டிக்கொள்கிறார். நான் உள்ளே வந்து பார்த்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று போய்விடுவேன். பிறகு மெல்லக் கீழே இருந்துவிடுவார். அதைத்தான் உனக்கு "என் கண்ணால் பார்க்கிறேன்" என்று எழுதினேன்.

ஏன் உம்மா என்று கத்தினேன். நோன்பு வாயோடு கத்தினேன். அவர் என் வாயைப் பொத்தி, "மெதுவாக் கதை, ஸம்ஸியாக்குக் கேக்கும். காலு சுகமெண்டாத்தானே புள்ள அவன் ஊருக்கு வருவான்? அவன்தானே எழுதின, சரிவந்தா வருவன் எண்டு. நான் சரிவராட்டி அவன் எப்படி வாற?" என்று கேட்டார்.

இன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பார்த்தேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறார். "வேற மருந்து குடிச்சா மகன்ட சோதினை பிழைச்சிரும்" என்கிறார். பானையில் எல்லாவற்றையும் கொட்டிக் கிண்டியவர்தான் இதைச் சொல்கிறார். மச்சான் ஆஸ்பத்திரிக் குளிசை வாங்கிவந்து கொடுத்தார், தலையணைக்குள் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டெடுத்தேன்.

கைநாட்டும் இல்லை, காலும் இல்லை. மனேஜரிடம் போய் உள்ளதைச் சொல். பத்திரிகையில் போட்டது பொய் என்று சொல். பிறகு பஸ் ஏறி வந்து, இனி வேறு மருந்து குடிக்கலாம் உம்மா என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் கேட்கிறாரில்லை.

ஹாஜறா


கொழும்பு – 12
29.07.1981

ராத்தாவுக்கு,

சலாம்.

உம்மாவுக்கு அப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி.

மனேஜருடன் கதைத்தேன். விளம்பரம் கொடுத்தது கொடுத்ததுதான், அதை நிறுத்துவது என் கையில் இல்லை. வயதானவர்களுக்கு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்கிறார்கள். கைநாட்டு இல்லாவிட்டால் கிளை இல்லை. இங்கேயும் என்னை வைத்திருப்பார்களோ தெரியாது. நீங்கள் கோபத்தில் மறிக்காமல் உம்மாவிடமே கேளுங்கள். உம்மா வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம்.

பெருநாளைக்கு லீவு கிடைக்காது.

றஊப்


கல்முனைக்குடி
12.08.1981

என்ட மகன் றஊபுக்கு உம்மா சொல்லி, ராத்தா எழுதுற சலாம்.

மனே, எனக்கு ஒரு குறையுமில்ல. ராத்தா என்னமோ ஏதோ எழுதியிரிப்பா, அத நீ மனசில வைக்காத. அவ சின்ன வயசிலயே ஊதிப் பெருப்பிக்கிற ஆள். ஒன்ட குளிசை நல்ல குளிசை. கிணத்தடிக்கிப் போறன், தொழுறன், பெருநாளைக்கி வட்டிலப்பம் நான்தான் அவிச்ச. முட்டை அடிச்சது மட்டும் ஸம்ஸியா. ஒனக்கு ஒரு கோப்பை மூடி வச்சன். நீ வரல்ல, பழுதாப் போயிரும் எண்டு அவட புள்ளைகளுக்குக் குடுத்திட்டன்.

நீ சொன்ன மாதிரி எழுதி, கைநாட்டு வச்சிரிக்கன். மை கொஞ்சம் கூடிப்போச்சி. பரவாயில்லயா எண்டு மனேஜருக்கிட்டக் கேளு. ஏலாட்டி இன்னொண்டு வச்சி அனுப்புறன். குளிசை முடிஞ்சி போச்சி, இரிந்தா ஒரு போத்தல் அனுப்பு. எப்ப வாறாய்? ஒனக்குப் புதுப் பாய் எடுத்து வச்சிரிக்கன். நேரத்துக்குச் சாப்பிடு மனே.

இவ்வளவும் உம்மா சொன்னது. இனி எழுதுவது ஹாஜறா.

உம்மா சொன்னதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். அவர் சொன்னது பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு. கைநாட்டு வைக்கத் தூக்கி இருத்தியது நானும் மச்சானும். "உம்மாவிடமே கேளுங்கள்" என்று எழுதினாயே, அதைவிடக் கேவலமாக யாரும் எழுத முடியாது. உனக்காகக் கிணற்றில் குதிக்க முடியுமா என்று கேட்டாலும் உம்மா ஓம் என்றுதான் சொல்வார். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கச் சொன்னாய்.

தாளைக் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன். உம்மா பெருவிரலை நீட்டி ஊதி ஊதி மை காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை. ஆகவே உன்னிடம் வருகிறது. கிழிப்பதா கொடுப்பதா என்பது உன் பாடு.


கொழும்பு – 12
02.09.1981

அன்பின் ராத்தாவுக்கும் மச்சானுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ். எல்லாம் அவன் செயல். கிளை சரிவந்துவிட்டது. பிரதான வீதியில் கடையும் எடுத்தாகிவிட்டது, நான்தான் பொறுப்பு. உம்மாவின் துஆ வீண்போகவில்லை என்று சொல்லுங்கள்.

இம்மாதம் 24ஆம் திகதி, வியாழக்கிழமை வருகிறோம். மனேஜரும், படம் பிடிப்பவர் ஒருவரும் என்னோடு காரில் வருகிறார்கள். கடையைத் திறப்பதற்கு முன் நம் வீட்டுக்கு வருவோம். உம்மா படலையடியில் நின்று மனேஜரை வரவேற்பது போல ஒரு படம் வேண்டுமாம். கொஞ்ச நேரம் நின்றால் போதும். புதுச் சேலை உடுத்திவிடுங்கள். பகல் சாப்பாட்டுக்கு மூன்று பேர்.

மற்றவை நேரில்.

தம்பி
றஊப்


கல்முனைக்குடி
11.09.1981

றஊப்,

சலாம். முதல் கடிதத்தில் உம்மாவின் முழங்கால் எப்படி என்று கேட்டாய். இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயந்திருக்கிறாய். நீ பயப்பட்டது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கடிதத்தை விறாந்தையில் வைத்து உரத்து வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. படம் பிடிக்கிற இடம் வந்ததும் ஸம்ஸியா முந்தானையை உதறிக்கொண்டு எழும்பிப் போனாள். செல்லத்தங்கம் கீரைக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்து, "உம்மா, நீங்க வேற மருந்து குடியுங்க, நாங்க ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்" என்றாள். உம்மா கேட்கவில்லை. உன் கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து உம்மா நடக்கப் பழகுகிறார். வாசற்படியிலிருந்து படலைவரை. சுவர் இருக்கும்வரை சுவரைப் பிடிக்கிறார், பிறகு தென்னையைப் பிடிக்கிறார், தென்னைக்கும் படலைக்கும் நடுவில் பிடிக்க ஒன்றுமில்லை. அந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார். விழுகிறார். நான் ஓடிப்போனால் கையை ஓங்குகிறார். "வெளியாக்கள் வாற நேரத்தில நொண்டினா என்ட மகனுக்கு மானக்கேடு. நான் போவன், நீ தள்ளி நில்லு" என்கிறார். மச்சான் கம்பு வெட்டிக் கொடுத்தார். படத்தில் கம்பு விழக் கூடாதாம், வேலிக்குள் எறிந்துவிட்டார். வீக்கம் இப்போது பாதம்வரை இறங்கியிருக்கிறது.

வா. வராதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் நீ வர வேண்டும். சோறு ஆக்கி வைக்கிறேன், மூன்று பேருக்கும். மனேஜர் காரிலேயே இருக்கட்டும். நீ மட்டும் இறங்கிப் படலையடியில் நில். உள்ளே வராதே. உம்மா வாசற்படியிலிருந்து உன்னிடம் நடந்து வருவார். சுவரைத் தாண்டுவார், தென்னையை விடுவார். ஓடிப்போய்ப் பிடித்துவிடாதே. நானும் பிடிக்க மாட்டேன், பிடித்தால் மவுத்தாகிக் கண்மூடும்வரை என்னோடு கதைக்க மாட்டார். தலையைக் குனியாமல், உம்மா உன்னிடம் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிரு.

வந்து சேர்ந்ததும், "காலு எப்படி உம்மா?" என்று உன் வாயால் கேள். "நல்ல சுகம் மனே" என்பார். அதைக் கேட்டுவிட்டுப் போய் உன் கடைக்குப் பெயர்ப்பலகை அடி.

ஹாஜறா